நான்காவது வண்டி

முதல் பழைய வண்டியை ஏன் வாங்கினாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. மெக்கானிக் வீட்டில் ஒரு புல்லட் நிற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அந்த ஆசையின் வேகத்திலேயே ஷெட்டுக்குள் வந்துவிட்டன. நான்காவது என்று வரும்போதுதான் இடமும் பணமும் வயசும் சேர்ந்து கணக்குக் கேட்கின்றன. வீட்டில் கேட்டது இன்னும் நேராக இருந்தது: "நிறுத்தறக்கு எடம் இருக்குதுங்க, சரி. ஓட்டறக்கு ஞாயித்துக்கெழமை இருக்குதுங்களா?"

கேள்வி நியாயமானது. ஓடாத வண்டி கெட்டுப்போகும். பேட்டரி இறங்கும், கார்பரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஜெட்டை அடைக்கும், டேங்குக்குள் துரு பிடிக்கும். ஒரு வண்டியைச் சேர்ப்பது என்றால் அதற்கு வாரத்தில் சில மணி நேரத்தை எழுதிக் கொடுப்பது. அதனால் எந்த வண்டி அழகு, எதற்கு மவுசு என்று யோசிப்பதை விட்டுவிட்டு, ஷெட்டில் எது இல்லை என்று பார்க்க ஆரம்பித்தேன்.

இருந்தவை மூன்று. ஒன்று 1974 மாடல் புல்லட் 350. இரண்டாவது யெஸ்டி ரோட்கிங். மூன்றாவது ஆர்.எக்ஸ். 100. இவற்றை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் நம் ரோட்டின் சரித்திரத்தில் பாதி தெரியும். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட் வேண்டும் என்று கேட்டதன் தொடர்ச்சியாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ரெட்டிச்சில் கடையை மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வார்த்துக்கொண்டிருந்தார்கள். யெஸ்டி மைசூர் பிள்ளை, செக்கோஸ்லோவாக்கியா ரத்தம். கிக்கரையே மடக்கினால் கியர் லிவர், ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் என்று வினோதங்கள் நிறைந்த வண்டி. ஆர்.எக்ஸ். 100, எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985இல் கொண்டுவந்தது. 98 சிசியில் 11 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அது என்ன வேகம் என்று பின்னால் உட்கார்ந்து போனவர்களைக் கேட்க வேண்டும்.

நான்காவது வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், பட்டறைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். "அண்ணா, ஆர்.டி. எடுங்கண்ணா." ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350தான், இங்கே ராஜ்தூத் என்ற பெயரில் 1983 முதல் அந்தப் பத்தாண்டின் கடைசிவரை வந்தது. ரெட்டை சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்த எச்.டி. 30.5 குதிரைத்திறன், மைலேஜுக்காகக் கழுத்தை நெரித்து விட்ட எல்.டி. 27. நம் ஊருக்கு வந்தபோது முன்பக்கத்து டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். அந்த வேகத்துக்கு அந்த பிரேக் போதாது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். நான் அந்த வண்டியின் கிராங்க் வேலை செய்திருக்கிறேன். ரெட்டை கிராங்கைப் பிரஸ்ஸில் கொடுத்துப் பிரித்து, நடு சீலைப் பார்த்து, திரும்ப அடித்து, வட்டம் ஆடாமல் நேராக்குவதற்குள் முதுகு ஒடியும். வேலைக்கு நான் பயப்படவில்லை. விலை லட்சங்களில் போய்விட்டது. எல்.டி.யை எச்.டி. என்று சொல்லி விற்கிறார்கள். அதைவிட, ஆர்.டி. வாங்கியவன் அதற்குக் காவலாளி ஆகிவிடுகிறான். ரோட்டில் நிறுத்திவிட்டு டீ குடிக்க முடியாத வண்டி எனக்கு எதற்கு?

டீசல் புல்லட் கொஞ்சம் இழுத்தது. டாரஸ் என்று பேர். 325 சிசி லொம்பார்டினி டீசல் என்ஜின், 6.5 குதிரைத்திறன்தான். ஆனால் லிட்டருக்கு எழுபதுக்கு மேல் கொடுத்தது. பால்காரர்களும் காய்கறி ஏற்றுகிறவர்களும் அதைக் கொண்டாடினார்கள். மலையாளக் கரையிலிருந்து பாலக்காடு வழியாக இந்தப் பக்கம் சில வந்து நின்றிருக்கின்றன. ஓட்டிவிட்டு இறங்கினால் கை கால் நடுக்கம் அடங்கச் சற்று நேரம் ஆகும், சைடு மிரரில் பின்னால் வருவது பஸ்ஸா மாடா என்றே தெரியாது. புகைக் கட்டுப்பாடு வந்து அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு மெக்கானிக்குக் காட்சிக்கு வைக்க அருமையான சாமான். ஆனால் அதன் இன்ஜெக்டர், பம்ப் வேலைக்கு நான் இன்னொருவர் பட்டறை வாசலில் போய் நிற்க வேண்டும். என் கைக்கு எட்டாத வண்டியை என் வண்டி என்று சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை.

என்ஃபீல்டு ஃப்யூரியும் பட்டியலில் இருந்தது. ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியின் 175 மாடல் வண்டியை வைத்து ராணிப்பேட்டையில் செய்தது. முன்னால் டிஸ்க் பிரேக், ஐந்து கியர், எண்பதுகளில் நம்ப முடியாத சங்கதிகள். சுண்டாப் 1984இல் திவாலானது. ஃப்யூரியும் அதிகம் விற்கவில்லை. குறைவாக விற்ற வண்டிக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? சென்னை புதுப்பேட்டையில் தேடலாம், இங்கே கோவையில் உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் துழாவலாம். கடைசியில் இன்னொரு ஃப்யூரியைக் கண்டுபிடித்து அதை அறுத்து இதற்குப் போட வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொல்வது எனக்குப் பிடிக்காத வேலை.

ஓசூரில் பிறந்த இந்த்-சுசுகி ஏ.எக்ஸ். 100 நியாயமாக என் ஷெட்டில் இருக்க வேண்டிய வண்டி. 1984இல் வந்தது. ஜப்பான்காரரோடு கூட்டுச் சேர்ந்து இந்த நாட்டில் செய்த 100 சிசி வண்டிகளில் அதுதான் முன்னோடி, அதுவும் நம் மாநிலத்து மண்ணில். ஆனால் அதுவும் டூ ஸ்ட்ரோக், ஆர்.எக்ஸுக்குப் பங்காளி. சொல்ல வேண்டியதை ஆர்.எக்ஸே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது, இத்தனை வருடம் என் பட்டறையில் கண் முன்னால் போய்வந்துகொண்டிருந்த, நான் திரும்பியும் பார்க்காத ஒரு வண்டி மிஞ்சியது. ஹீரோ ஹோண்டா சி.டி. 100.

சொன்னதும் பையன்கள் சிரித்தார்கள். "அது தாத்தா வண்டிங்கண்ணா." தாத்தா வண்டிதான். ஆனால் பட்டறைக்காரனுக்குத்தான் தெரியும், அந்தத் தாத்தா எங்கள் தொழிலை என்ன செய்தார் என்று.

நான் தொழில் கற்ற காலத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டிதான் சோறு போட்டது. பெட்ரோலோடு ஆயில் சேர்ந்து எரிகிறது. அதனால் பிளக் கருக்கும், போர்ட்டில் கார்பன் ஏறும், சைலன்சர் அடைத்து வண்டி இழுக்காது. மாதம் ஒருமுறையாவது வண்டி வரும். சைலன்சரின் உள்குழாயைக் கழற்றி நெருப்பில் சுட்டு எடுப்பது பட்டறைக்குப் புதிதாக வருகிற பையனின் முதல் வேலை. அந்தப் புகையும் நெடியும் இன்னும் மூக்கில் இருக்கின்றன. கிராங்க் சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயிலை என்ஜின் உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். அது ஃபுல் என்ஜின் வேலை, எங்களுக்குத் தீபாவளி. புல்லட் வேறு வகையில் கைவிடாது: பாயிண்ட் செட்டிங், டேப்பட், கிளட்ச், எங்காவது ஒழுகும் ஆயில்.

சி.டி. 100 வந்தது 1985இல், ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து. 97.2 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருக்கும். அந்த அமைப்பு ஹோண்டா 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப்பின் வம்சம். பெட்ரோல் நிரப்பு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தார்கள். லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்றார்கள். விளம்பரம்தானே என்று எங்கள் ஆட்கள் கேலி செய்தார்கள். ஆனால் வண்டி பட்டறைக்கு வரவில்லை! ஆயில் மாற்ற வரும், பிரேக் ஷூ மாற்ற வரும், எப்போதாவது டேப்பட் பார்க்கச் சொல்வார்கள். சங்கிலி முழுக்க மூடிய கவருக்குள் ஓடியதால் செயின் வேலைகூட அபூர்வம். இந்த வண்டி ஒவ்வொன்றாகத் தெருவில் கூடக் கூட, எங்கள் கையில் வேலை குறைந்துகொண்டே போனது. வாத்தியார்கள், எல்.ஐ.சி. ஏஜெண்டுகள், மில் சூப்பர்வைசர்கள் எல்லோரும் அதற்கு மாறினார்கள். ஆர்.எக்ஸ். 100 நின்றது 1996இல். மைசூர் ஐடியல் ஜாவா மூடியதும் அதே வருடம். புகைச் சட்டமும் வேறு பல காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுச் செலவுக் கணக்கில் டூ ஸ்ட்ரோக்கைத் தோற்கடித்தது இந்தத் தாத்தா வண்டிதான். என் ஷெட்டில் இரண்டு டூ ஸ்ட்ரோக்கும் ஒரு புல்லட்டும் நின்றன. அவற்றை ஓரங்கட்டிய வண்டி இல்லை. அந்த இடம்தான் காலி.

தேட ஆரம்பித்த பிறகு ஓர் உண்மை உறைத்தது. ஆர்.டி.யைத் தேடினால் கிடைக்கிறது. பணம்தான் கேள்வி. நல்ல சி.டி. 100 கிடைப்பதில்லை. யாரும் அதை ஆசையாக வைத்துக்கொள்ளவில்லை. ஓடும்வரை ஓட்டினார்கள், பிறகு எக்ஸ்சேஞ்சில் கொடுத்து ஸ்ப்ளெண்டர் எடுத்தார்கள், இல்லை தோட்டத்து ஆளுக்குக் கொடுத்தார்கள். அவர் அதில் தீவனக் கட்டும் பால்கேனும் ஏற்றி மிச்ச உயிரையும் எடுத்தார். அருமையான வண்டிகள் பத்திரமாக இருக்கின்றன, சாதாரண வண்டிகள்தான் அழிந்துபோகின்றன.

முதலில் பார்த்தவை எல்லாம் பளபளப்பானவை. புது பெயிண்ட், புது ஸ்டிக்கர், குரோம் போட்ட சைலன்சர். எனக்கு அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்தால் சந்தேகம்தான் முதலில் வரும். பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் இருக்கிறதா, துருவை பட்டி வைத்து மூடியிருக்கிறார்களா என்று தெரியாது. நான் முதலில் பார்ப்பது போல்ட் தலைகளை. என்ஜின் கவர் போல்ட்டின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால், சரியான ஸ்பேனர் இல்லாதவன் பலமுறை உள்ளே போய்வந்திருக்கிறான் என்று அர்த்தம். போல்ட் தலை கூர்மையாக, மேலே அழுக்கு படிந்து இருந்தால் எனக்கு அதுவே பாதி சர்டிபிகேட். சீட்டைத் தூக்கினால் வெயில் படாத கம்பெனி பெயிண்ட் தெரியும். அந்த நிறமும் டேங்கின் நிறமும் ஒரே குடும்பமா என்று பார்த்துவிடலாம்.

கடைசியில் கிடைத்தது உடுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். காலமான ஒரு பள்ளி ஆசிரியரின் வண்டி. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார், வீட்டைப் பூட்டப் போகிறார்கள். போனில் பேசும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி." சூடான என்ஜின் பொய் சொல்லும். காலையில் ஆறிய என்ஜின் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும்.

போய் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கிக்கரைக் கையாலேயே அழுத்தினேன். கம்ப்ரஷன் கையை எதிர்த்துத் தள்ளியது. சோக் போட்டுச் சில உதைகளில் எடுத்துக்கொண்டது. முதல் நொடியில் நீலப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. அது வால்வு சீல், சில்லறை வேலை. நிற்காமல் வந்திருந்தால் ரிங், போர், ஆஃப் என்ஜின் வேலை. இடதுபுறம் டைமிங் செயின் டகடகவென்று அடித்தது. டென்ஷனர் ரப்பர் உருளை தேய்ந்திருக்கிறது என்று புரிந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் லேசாகக் கடித்தது. கோன் செட் மாற்ற வேண்டும். பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டியபோது ஸ்விங் ஆர்ம் புஷ் அசையவில்லை. வாத்தியார் தனியாகத்தான் போய்வந்திருப்பார், பின்னால் பாரம் ஏற்றவில்லை.

அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயில் அவரே மாத்துவாருங்க, நோட்டுல தேதி போட்டு வெப்பாரு" என்றார். இந்த என்ஜினுக்கு ஒரு லிட்டர் ஆயில்தான், காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், கிராங்க் முனையில் சுற்றிக்கொண்டே அழுக்கை ஓரத்துக்குத் தள்ளும் கிண்ணமும்தான் ஃபில்டர் வேலையைச் செய்கின்றன. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் கேம் லோபும் ராக்கரும் தேய்ந்துவிடும். வாங்கி வந்த பிறகு கிளட்ச் கவரைக் கழற்றி அந்தக் கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். மற்ற வண்டிகளில் கறுப்புக் களியாக அப்பியிருப்பது இதில் மெல்லிய படலமாக இருந்தது. அம்மா சொன்ன நோட்டு உண்மை.

வண்டியைவிட அதிக நேரம் பார்த்தது ஆர்.சி. புத்தகத்தை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள், நான் என்ஜினுக்கு முன்பே பார்க்கச் சொல்வேன். 1989க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர், மடிந்து மஞ்சளான புத்தகம். சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். பஞ்ச் செய்த எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் எழுத்து மட்டும் துள்ளி நின்றால் கும்பிட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான். இதில் சிக்கல் வேறு. அந்தக் காலத்தில் வங்கிக் கடனில் எடுத்த வண்டி. கடன் கட்டி முடித்துவிட்டார், ஆர்.சி.யில் அடமானப் பதிவை மட்டும் நீக்கவில்லை. உரிமையாளர் உயிரோடும் இல்லை.

இது இப்படித்தான் அவிழும்: வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 போட்டு, வண்டி முதலில் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற வேண்டும். வங்கியிடம் கடன் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிப் படிவம் 35இல் கையெழுத்துப் பெற்று அடமானப் பதிவை நீக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் படிவம் 29, 30 போட்டு என் பெயருக்கு வரும். பழைய புத்தகத்து விவரம் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லாததால் அதற்கு ஒரு பேக்லாக் என்ட்ரி. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. பார்த்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 300இலிருந்து 1,000 ரூபாய் ஆனது வேறு. "அப்பா பேர்ல இருக்கறதை மாத்தாமயே வெச்சுக்குங்களேன், யாரு கேக்கப் போறாங்க" என்றார் மகன், நல்லெண்ணத்தில்தான். "விபத்துன்னு ஒண்ணு ஆச்சுன்னா உங்களைத்தாங்க தம்பி தேடி வருவாங்க" என்றேன். அதன் பிறகு அவரே வங்கிக்கு அலைந்தார். விலையை அந்தத் திண்ணையிலேயே பேசி முடித்தோம். டென்ஷனர், கோன் செட், இரண்டு டயர், காகித வேலைக்கான செலவு எல்லாவற்றையும் சொல்லிக் கழித்தேன். அம்மா கழிக்கவிட்டார். காகிதம் முடிந்த பிறகே பணம், பணத்துக்குப் பிறகே வண்டி.

புல்லட்டுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டதால் அதை 2021இல் வந்த விண்டேஜ் விதியில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். வி.ஏ. என்று எழுத்துப் போட்ட தனி நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடச் செல்லுபடி. ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும். காய்கறி வாங்கப் போக முடியாத புல்லட் எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சி.டி.க்கு அந்தக் கேள்வி வர இன்னும் பல வருடம் இருக்கிறது.

ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கி அக்கக்காகப் பிரித்துப் பூட்டிய கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டறை வைத்திருப்பவன் ஒவ்வொருவனுக்கும் அந்தக் கதையில் ஒரு துண்டு சொந்தம். நானும் சி.டி.யைப் பிரித்தேன். பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது, செய்வதற்கு அதிகம் இல்லை என்பதுதான். வால்வு சீல், டென்ஷனர் உருளை, கார்பரேட்டரின் ரப்பர் வளையங்கள். பெட்ரோல் பைப்பையும் சேர்த்து மாற்றினேன். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது உப்பவைக்கிறது, ஈரத்தை இழுத்து டேங்கைத் துருவாக்குகிறது. வண்டியை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டர் காலியாகி என்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடுகிறேன். நான்கு வண்டிக்கும் இதே மருந்துதான். கால்தான் இன்னும் பழகவில்லை. புல்லட்டில் கியர் வலதுகாலில். இதில் இடதுகாலில், நாலு கியரும் முன்னால் மிதிக்க வேண்டும். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஓட்டினால் சிக்னலில் கால் எதையோ தேடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. லேத்துக்குப் போக, ஸ்பேர் வாங்க, வாரநாளில் நான் எடுப்பது சி.டி.யைத்தான். அதற்கு ஞாயிறு தேவைப்படவில்லை, மற்ற மூன்றும் தங்கள் ஞாயிறுகளை இழக்கவும் இல்லை. ஆர்.டி. எடுக்கச் சொன்ன பையன்களில் ஒருவன் இப்போது அவசரத்துக்கு அதைத்தான் இரவல் கேட்கிறான்.

என்ஜின் சாமானுக்குக் கவலை இல்லை. 1994இல் வந்த ஸ்ப்ளெண்டரும் இதே 97.2 சிசி குடும்பம் என்பதால் பிஸ்டன், ரிங் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிறது. கிடைக்காதது உடம்புச் சாமான். சைடு பேனல் ஒன்றில் கொக்கி உடைந்திருக்கிறது, பேட்ஜ் ஒன்று இல்லை, செயின் கவரின் கீழ்ப்பாதி துருவில் ஓட்டையாகிவிட்டது. டூப்ளிகேட் கவர் இரண்டு வாங்கிப் பார்த்தேன், இரண்டும் செயினில் உரசுகின்றன. கம்பெனி செயின் கவர் யார் வீட்டு மச்சிலாவது கிடந்தால் சொல்லியனுப்புங்கள், பெயிண்ட் போயிருந்தாலும் பரவாயில்லை, வந்து எடுத்துக்கொள்கிறேன்.